ஒரே பக்கம், இரண்டு கைகள்

(சிவகாசியில் அச்சுத் தொழில் வடிவமைப்பாளர்களும் கணினி அறிவியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இரண்டு வகையான தொழில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் கோரல்டிராவிலும் பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்த டிசைனர்கள். இன்னொரு பக்கம் நிரல் எழுதப் படிக்கும் மாணவர்கள். இந்த இரண்டு கைகளும் ஒரே இணையப் பக்கத்தில், ஒன்று செய்ததை மற்றொன்று கெடுக்காமல், வேலை செய்ய வேண்டும். அதற்கு, பக்கத்தைக் கண்ணால் பார்த்தபடியே திருத்தும் விஷுவல் எடிட்டரை, நிரல் எழுதும் கருவியான நிரலாக்கச் சூழலுக்குள் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் நான் பேச வந்தது. கேட்பதற்குச் சின்னக் கருவிப் பிரச்சினை போலத் தோன்றும். ஆனால் இந்த ஊரில் இது பிழைப்போடு சேர்ந்த பிரச்சினை. அதனால்தான் இங்கே வந்து பேச ஆசைப்பட்டேன்.

சிவகாசி கண்ணால் பார்த்து வேலை கற்ற ஊர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள். அந்தத் தேவையில் இருந்துதான் இங்கே அச்சுத் தொழில் கிளைவிட்டு வளர்ந்தது. ஒரு வெடிக்கட்டின் மேல்தாளை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குள் படம், கம்பெனிப் பெயர், முத்திரை, எண்ணிக்கை, எச்சரிக்கை வாசகம் எல்லாம் அடங்கியிருக்கும். ஒன்றை ஒன்று நெருக்காது. அதைச் செய்தவர் திரையைப் பார்த்து, ‘ஒரு நூல் கீழே இறக்கு, மஞ்சளைக் கொஞ்சம் குறை’ என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த இடத்துக்கு வந்திருப்பார். பார்ப்பதும் திருத்துவதும் ஒரே மூச்சில் நடக்கிற வேலை அது.

அதே டிசைனரிடம் ஓர் இணையப் பக்கத்தைச் செய்யச் சொன்னால் என்ன நடக்கிறது? கோரல்டிராவில் பக்கத்தை வரைகிறார். அதைப் படமாக மாற்றி அனுப்புகிறார். புரோகிராமர் அந்தப் படத்தைப் பார்த்துத் தன் பாணியில் எச்டிஎம்எல் எழுதுகிறார். வந்தது டிசைனர் வரைந்தது மாதிரி இருக்காது. ‘இந்த இடைவெளி இவ்வளவு இல்லையே’ என்று போனில் சொல்வார். புரோகிராமர் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, ‘இப்போ பாருங்க’ என்பார். இந்தப் போக்குவரத்தில் அலுத்துப்போய்ப் பலர் முழு விலைப்பட்டியலையும் ஒரே படமாகவே பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். போனில் பார்ப்பவர் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். தேடினால் எந்தப் பொருளும் கிடைக்காது. பார்வையற்றவரின் போன் அதை ஒழுங்காக வாய்விட்டுப் படிக்காது. ஒரு விலை மாறினால் படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

பட்டாசுக் கடைகளின் பக்கங்கள் ஏன் பெரும்பாலும் விலைப்பட்டியலாகவே இருக்கின்றன என்று வெளியூர் மாணவர்கள் கேட்கக்கூடும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழி வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதற்குத் தடை விதித்தது. அதனால் இங்கே ஒரு பக்கத்தில் எந்தப் பொத்தான் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அழகோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. டிசைனர் அழகுக்காக ஒரு சொல்லை மாற்றினால் அதைப் புரோகிராமரும் பார்த்தாக வேண்டும், கடைக்காரரும் பார்த்தாக வேண்டும். எந்த மாற்றம் எங்கே நடந்தது என்று வரி வரியாகத் தெரிகிற ஏற்பாடு இந்தத் தொழிலுக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தேவை.

இந்த இரண்டு கை வேலை உங்களுக்குப் புதியதும் இல்லை. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. சாமி படம் அச்சான அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டிருப்பீர்கள். ஆர்டர் கொடுக்கிற கடையின் பெயரும் முகவரியும் பின்னால் அந்த இடத்தில் ஏறும். படம் அச்சடித்தவர் அந்தக் காலி இடத்தைத் தொடுவதில்லை. பெயர் அடிக்கிறவர் முருகன் முகத்தைத் தொடுவதில்லை. மென்பொருளில் டெம்ப்ளேட் என்று சொல்வதும் இதுவேதான். தோற்றம் ஒருவருடையது, அதில் வந்து உட்காரும் தகவல் இன்னொருவருடையது. ஒரு வேறுபாடு உண்டு. காலண்டர் அட்டையில் காலி இடம் வெறும் காகிதம். இணையப் பக்கத்தில் அந்தக் காலி இடமும் எழுத்துகளால் ஆன ஒரு குறி. அந்தக் குறி என்னவென்று தெரியாத கருவி அதை அழித்துவிடலாம், இடம் மாற்றிவிடலாம். எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குருவி வெடி, லட்சுமி வெடி, சங்குசக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, சாட்டை, ராக்கெட் என்று இருநூறு பொருள் கொண்ட ஒரு விலைப்பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல்லில் அது ஒரு டேபிள். புரோகிராமர் இருநூறு வரிசைகளையும் கையால் எழுதமாட்டார். ஒரே ஒரு வரிசையை எழுதுவார். அதற்கு மேலே ‘ஒவ்வொரு பொருளுக்கும் இதைத் திரும்ப எழுது’ என்று ஒரு கட்டளை, கீழே ‘இத்துடன் முடி’ என்று ஒரு கட்டளை. ஜாங்கோ, ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் மொழிகளில் இந்தக் கட்டளைகள் நெளி அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் போட்டு எழுதிய வெறும் எழுத்துகள்.

டிசைனர் இந்தக் கோப்பை ஒரு விஷுவல் எடிட்டரில் திறக்கிறார். தலைப்பு வரிசையின் பின்னணியைச் சிவப்பாக்குகிறார். வேறு எதையும் தொடவில்லை. சேவ் செய்கிறார். அதன் பிறகு ஜாங்கோவில் பக்கத்தைத் திறந்தால் இருநூறு பொருளையும் காணோம். சிவப்புத் தலைப்பு இருக்கிறது, அதன் கீழே ஒரே ஒரு வரிசை, அதிலும் பொருளின் பெயரும் விலையும் காலி.

நடந்தது இதுதான். எச்டிஎம்எல்லைப் படிக்கும் முறைக்கு வகுத்த ஒரு விதி இருக்கிறது. டேபிளுக்குள்ளே, எந்தக் கட்டத்திலும் அடங்காமல், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் எழுத்து இருந்தால், அதைத் தூக்கி டேபிளுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். பிரவுசர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன. அரைகுறையாக எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களையும் எப்படியாவது காட்டியாக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது, நல்ல விதிதான். விஷுவல் எடிட்டர் உள்ளே ஒரு பிரவுசரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அந்த இரண்டு கட்டளைகளும் அதற்கு வெறும் எழுத்துகள். இரண்டையும் தூக்கி டேபிளுக்கு மேலே அடுத்தடுத்து வைத்துவிட்டது. ‘திரும்ப எழுது, இத்துடன் முடி’ என்பதற்கு நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை. வரிசை மட்டும் அநாதையாகக் கீழே நிற்கிறது.

பிரவுசர் படித்தது சரி. அப்படிப் படித்ததையே கோப்பாக எழுதிவைத்ததுதான் தவறு. காட்டுவதற்காக மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் பிரதி வேறு, வட்டில் இருக்கும் மூலப் பிரதி வேறு. விஷுவல் எடிட்டர் தன் மனத்தில் எதை வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளட்டும். மூலத்தில், கேட்ட இடத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும். சிவப்பு நிறத்துக்கான அந்தச் சில எழுத்துகளை எழுதிவிட்டு மற்ற அனைத்தையும், இடைவெளி உட்பட, இருந்தபடியே விட்டுவிட வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறை இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. 1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் பார்க்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். 1993-ல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக், பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டு திருத்துவதை விட்டுவிட்டது. அன்றிலிருந்து பார்க்கிற கருவியும் எழுதுகிற கருவியும் பெரும்பாலும் பிரிந்தே வளர்ந்தன. 1996-ல் வெர்மீர் டெக்னாலஜீஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, ஃப்ரண்ட்பேஜை வீடுதோறும் கொண்டுபோனது. நிரல் தெரியாதவரும் பக்கம் செய்யலாம் என்ற நிலையை ஏற்படுத்தியது அது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கையால் எழுதிய எச்டிஎம்எல்லை அதற்குள் கொண்டுபோனால் அதன் பாணிக்கு மாற்றி எழுதிவிடும் என்ற குறையும் கூடவே வந்தது.

1997 டிசம்பரில் மேக்ரோமீடியா டிரீம்வீவரை வெளியிட்டபோது அவர்கள் பெரிதாகச் சொன்ன வாக்குறுதியே, நீங்கள் எழுதிய நிரலை மாற்றமாட்டோம் என்பதுதான். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். விண்டோசில் ஹோம்சைட், மெக்கின்டாஷில் பிபிஎடிட் என்ற நிரல் எடிட்டர்களை டிரீம்வீவரோடு சேர்த்தே கொடுத்தார்கள். கண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே கோப்பில். பிறர் செய்த எடிட்டரைத் தன் கருவியோடு இணைப்பதில் வெட்கம் இல்லை என்று ஒரு பெரிய நிறுவனம் காட்டியது அது. அந்தப் பணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்கு நேர்மாறான அனுபவத்தை 2002, 2003 ஆண்டுகளின் விஷுவல் ஸ்டுடியோ கொடுத்தது. டிசைன் பார்வைக்குப் போய்த் திரும்பினாலே எச்டிஎம்எல்லின் வரிகளும் இடைவெளிகளும் கலைந்திருக்கும். பல புரோகிராமர்கள் அந்தப் பார்வையைத் திறக்கவே பயந்தார்கள். 2005 பதிப்பில் எழுதியபடி காப்பாற்றும் வசதி வந்தது. 2008-ல் எக்ஸ்பிரஷன் வெப் என்ற வேறொரு தயாரிப்பின் டிசைன் எந்திரத்தையே உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரே நிறுவனத்துக்குள் என்றாலும், வேறிடத்தில் வளர்ந்த விஷுவல் எடிட்டரை நிரலாக்கச் சூழலுக்குள் பொருத்திய நல்ல முன்னுதாரணம் அது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். எடிட்டர்கள் தெரியாத எழுத்தைக் கெடுக்கும் என்றால், கட்டளையைக் கெடுக்க முடியாத இடத்தில் எழுதுவோம் என்றார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஜோப் என்ற பைத்தான் அமைப்பின் பக்க டெம்ப்ளேட்டுகள் கட்டளையை எச்டிஎம்எல் குறியின் பண்பாகவே (அட்ரிபியூட்) எழுதவைத்தன. ‘ஒவ்வொரு பொருளுக்கும்’ என்ற கட்டளை அந்த வரிசைக் குறிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிரவுசருக்கு அது புரியாது. புரியாத பண்பைப் பிரவுசர் தூக்கி எறியாமல் அப்படியே விட்டுவிடும். 2011-ல் வந்த தைம்லீஃப் ஜாவாவில் இதே வழியைப் பின்பற்றியது. அதில் எழுதிய விலைப்பட்டியலை வெறும் கோப்பாகத் திறந்தாலும், மாதிரிக்கு ஒரு புஸ்வாணம், மாதிரிக்கு ஒரு விலை என்று டிசைனர் கண்ணால் பார்க்கும்படி இருக்கும். வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் 5.0 பதிப்பில் கொண்டுவந்த பிளாக் எடிட்டர் வேறு வழி எடுத்தது. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எச்டிஎம்எல் குறிப்புரைக்குள் (கமெண்ட்) எழுதிவைத்தது. உள்ளே இருப்பது தான் எதிர்பார்த்த மாதிரி இல்லை என்றால் தானாக மாற்றாமல், பயனரிடம் சொல்லிக் கேட்கிறது. கேட்கிறது என்பது முக்கியம்.

மாணவர்களுக்குச் சொல்கிறேன். விலைப்பட்டியல் மாதிரியான டேபிள்களில் சுழற்சிக் கட்டளையைப் பண்பாக எழுதும் டெம்ப்ளேட் மொழி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் கட்டளையைக் குறிப்புரைக்குள் வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்புரையை டேபிளுக்குள்ளிருந்து பிரவுசர் வெளியே தள்ளாது.

இனி இணைப்புக்கு வருவோம். வெளி எடிட்டரை நிரலாக்கச் சூழலோடு சேர்க்க நடைமுறையில் சில வழிகள்தான் இருக்கின்றன. மிக எளியது, கோப்பைப் பொதுவாக வைப்பது. சூழலில் இருந்து ‘இதை அந்த எடிட்டரில் திற’ என்று கட்டளை. அங்கே சேவ் ஆனதும் சூழல் கோப்பைக் கவனித்து மறுபடி படித்துக்கொள்கிறது. ஒரு மேசையில் ஒருவர் வேலை செய்யும்போது இது போதும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால், கடைசியில் சேவ் செய்தவர் முந்தியவரின் வேலையை மூடிவிடுவார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், நாளுக்கு நாலு தடவை விலை மாறும்போது, இது நிச்சயம் நடக்கும். கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாடு இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

அடுத்தது, ஜன்னலுக்குள் ஜன்னல். விஷுவல் எடிட்டரின் பார்வையை அப்படியே சூழலுக்குள் பதிப்பது. 1990-களில் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் காலத்தில் இது பெரிதும் பேசப்பட்டது. பார்க்க ஒரே கருவி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி நினைவு, தனித்தனி அன்டூ. இந்தப் பக்கம் அன்டூ அழுத்தினால் அந்தப் பக்கம் செய்த மாற்றம் போகாது. ஜன்னலைச் சேர்த்துவிட்டோம் என்பதால் வேலை சேர்ந்துவிடவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது செய்திப் பரிமாற்ற வழி. மூல எழுத்து சூழலிடம் மட்டுமே இருக்கும். விஷுவல் எடிட்டர் அதைக் காட்டும். டிசைனர் எதையாவது இழுத்தால், ‘இந்த வரி, இந்த எழுத்திலிருந்து இந்த எழுத்து வரை, இப்படி மாற்று’ என்று கோரிக்கை அனுப்பும். மாற்றுவது சூழல். சேவ் செய்வதும் அன்டூவும் சூழலின் பொறுப்பு. 2020-ல் விஷுவல் ஸ்டுடியோ கோட் கொண்டுவந்த கஸ்டம் எடிட்டர் வசதியில், எழுத்துக் கோப்புகளுக்கான ஏற்பாடு இப்படித்தான் அமைந்திருக்கிறது. நிரலில் தட்டியதும் படத்தில் தெரியும். படத்தில் இழுத்ததும் நிரலில் தெரியும். ஒரு தடவை அன்டூ அழுத்தினால் எந்தக் கை செய்திருந்தாலும் கடைசி மாற்றம் திரும்பும்.

இதற்கு ஒரு தேவை உண்டு. திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் மூலத்தில் எந்த வரியிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னோட்டம் காட்டும்போது ஒவ்வொரு குறியோடும் அதன் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் ரகசியமாக ஒட்டி அனுப்பினால் இது கிடைத்துவிடும். சாதாரணப் பக்கத்தில் எளிது. நம் விலைப்பட்டியலில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திரையில் இருநூறு வரிசை, மூலத்தில் ஒன்று. டிசைனர் புஸ்வாணத்தின் விலைமேல் கிளிக் செய்து எழுத்தைப் பெரிதாக்கினால், அந்த ஒரே மூல வரி மாறி இருநூறு விலையும் பெரிதாகும். பெரும்பாலும் அவர் விரும்பியதும் அதுதான். அதே இடத்தில் கிளிக் செய்து விலையையே மாற்றி எழுதினால்? அந்த எண் இந்தக் கோப்பிலேயே இல்லை, தரவுத்தளத்தில் இருக்கிறது. நல்ல எடிட்டர் அங்கே கையை நிறுத்தி, ‘இது தகவல், இதை மாற்ற வேண்டிய இடம் வேறு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாத எடிட்டர், டெம்ப்ளேட்டில் இருந்த குறியை அழித்துவிட்டு அந்த எண்ணையே எழுதிவைக்கும். இருநூறு பொருளும் புஸ்வாண விலைக்கு வந்துவிடும். அந்த விலையை நம்பியிருக்கிற வெளியூர் வாடிக்கையாளருக்கு அது அழகுப் பிரச்சினை இல்லை.

தமிழில் பக்கம் செய்கிற நமக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். ‘இந்த எழுத்திலிருந்து இந்த எழுத்து வரை’ என்று சொன்னேனே, அந்த எண்ணிக்கையை யார் எப்படி எண்ணுகிறார்கள்? ‘சிவகாசி’ என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள், ஏனென்றால் சகரமும் அதன் இகரக் கொக்கியும் தனித்தனி, ககரமும் அதன் காலும் தனித்தனி. யுடிஎஃப்-8 கோப்பில் அது இருபத்தொரு பைட். ஒரு கருவி பைட்டாக எண்ணி, இன்னொன்று யுடிஎஃப்-16 அலகாக எண்ணினால், ‘சிவகாசி’க்கு அடுத்து வரும் குறியை மாற்றச் சொன்ன கோரிக்கை வேறெங்கோ போய் விழும். ஆங்கிலத்தில் இந்த மூன்று எண்ணிக்கையும் ஒன்றாகவே வருவதால் அங்கே சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை. எடிட்டர்களும் மொழி உதவிக் கருவிகளும் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக 2016-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் தொடக்கத்தில் யுடிஎஃப்-16 கணக்கையே கட்டாயமாக்கியது. 2022-ல் வந்த 3.17 பதிப்பில்தான் இரு தரப்பும் பேசி வேறு கணக்கையும் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். உங்கள் எடிட்டர் இணைப்பை எழுதும்போது முதல் நாளே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘கொத்து’ என்று எழுதினால் முதல் எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. சில கருவிகள் சேவ் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் டிசைனர் ஒரு நிறத்தை மாற்றியதற்கு, கிட்டில் நூறு வரி மாறியதாகக் காட்டும். அந்த நூறுக்குள் உண்மையான மாற்றத்தைத் தேடிப் புரோகிராமர் கண் பூத்துப்போவார். அப்புறம் விஷுவல் எடிட்டரைத் திட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார். கேட்காததைத் தொடாதே என்ற விதி எழுத்துக் குறியீட்டுக்கும் பொருந்தும்.

அச்சுக்கூடங்களில் இருந்து வரும் தமிழ் எழுத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் போகமுடியாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதில் தமிழ் அடிக்க நீங்கள் பயன்படுத்திய பழைய எழுத்துருக்கள் யூனிகோட் இல்லை. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்ற பிறகும், பழைய லேபிள், பழைய பட்டியல், பழைய காலண்டர் எல்லாம் அந்த எழுத்துருவிலேயே கிடக்கின்றன. டிசைனர் அதிலிருந்து நகலெடுத்து விஷுவல் எடிட்டரில் ஒட்டுகிறார். எழுத்துருவின் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த எழுத்துரு அவர் கணினியில் இருக்கிறது. எனவே அவர் திரையில் அழகான தமிழ். வாடிக்கையாளரின் போனில் அது இல்லை. அங்கே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். கண் இந்தப் பிழையைப் பிடிக்காது. நிரல் பார்வையில் அந்த வரியைப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். டிசைனரின் திரையும் புரோகிராமரின் திரையும் ஒரே சூழலில் அருகருகே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒட்டும்போதே இதைக் கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும் ஒரு சிறு இணைப்பை இங்கிருக்கும் மாணவர்கள் எழுதினால், இந்த ஊரின் அச்சுக்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் அது பயன்படும்.

டிசைனர்களே எச்டிஎம்எல் கற்றுக்கொள்ளட்டுமே என்று சில புரோகிராமர்கள் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான், இங்கே பலர் கற்றும் இருக்கிறார்கள். ஆனாலும் எண்ணைத் தட்டிவிட்டுப் பிரவுசரைப் போய்ப் பார்ப்பது வேறு, பார்த்துக்கொண்டே நகர்த்துவது வேறு. லேபிளில் ஒரு நூல் இறக்கத் தெரிந்த கண்ணுக்கு அந்த நேரடித் தொடர்பை நாம்தான் கொடுக்க வேண்டும். இழுத்துப்போட்டுத் தளம் செய்யும் இணைய சேவைகள் இருக்கின்றனவே, இவ்வளவு பாடு எதற்கு என்று டிசைனர்கள் கேட்கிறார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகைப் பக்கத்துக்கு அது போதும். ஆண்டுக்கு ஆண்டு வளரும் ஒரு கடையின் பக்கத்துக்கு, மூலக் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். சந்தா நின்ற நாளில் பக்கமும் போய்விடும் ஏற்பாட்டில், அச்சுக்கூடத்தில் பிளேட்டை நீங்களே வைத்துக்கொள்கிற உரிமைகூட உங்களுக்கு இருக்காது.

எந்த எடிட்டரை உங்கள் சூழலில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் ஆகாது. ஒரு பக்கத்தை அந்த எடிட்டரில் திறங்கள். எதையும் மாற்றாமல் சேவ் செய்யுங்கள். முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த எடிட்டர் உங்கள் திட்டத்துக்கு உள்ளே வரக் கூடாது. அடுத்து ஒரே ஒரு நிறத்தை மாற்றி சேவ் செய்யுங்கள். ஒப்பீட்டில் அந்த ஒரு வரி மட்டும் தெரிய வேண்டும்.

சோதனைக்கு எடுக்கும் பக்கம் நம் பக்கமாக இருக்கட்டும். அதில் சுழற்சிக் கட்டளை உள்ள ஒரு விலைப்பட்டியல் டேபிள் வேண்டும். ஒகரக் குறி இரண்டு விதமாகவும் எழுதிய சொற்கள் வேண்டும். தமிழுக்கு நடுவில் ஆங்கிலக் குறிகள் வருகிற நீண்ட வரி ஒன்று, பழைய எழுத்துருவிலிருந்து ஒட்டிய பத்தி ஒன்று, மூடாமல் விட்ட குறி ஒன்று. இப்படி ஒரு பக்கத்தை இந்த அரங்கில் இருக்கும் ஒரு டிசைனரும் ஒரு மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் தயாரித்துவிடலாம். கிரேப்ஸ்ஜேஎஸ் போன்ற திறந்த மூல விஷுவல் எடிட்டர்களின் நிரல் யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடின் மூல நிரலும் 2015 நவம்பரிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எது உடைகிறதோ அதை எடுத்துக்கொண்டு, உடைவதைக் காட்டும் சிறு கோப்போடு அவர்களிடம் பிழையாகப் பதியுங்கள். முடிந்தால் திருத்தத்தையும் எழுதி அனுப்புங்கள். முதலில் டேபிளுக்குள் நிற்கும் சுழற்சிக் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பக்கங்களில் அதிகமாக உடைவது அதுதான்.